சீட்டு வாங்கியது யார்?

அன்புள்ள டீச்சருக்கு,

மாதம் ஒரு நாவல் என்று செலாயாங்கில் உங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கும் வாசிப்பில், கிம் ஸ்டான்லி ராபின்சனின் ‘அரோரா’வுக்கு மட்டும் இவ்வளவு சண்டை நடந்திருக்கிறது என்றால், அந்தப் புத்தகம் எதையோ சரியாகச் செய்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எல்லாரும் “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துக்கொண்டு போகும் நாவல்களைப் பற்றி யாரும் நான்கு பக்கக் கடிதம் எழுதுவதில்லை.

நீங்கள் குறித்து அனுப்பிய கருத்துகளைப் படித்தேன். பொறியியல் படித்த தம்பி, ராபின்சன் அறிவியலுக்கே துரோகம் செய்துவிட்டார் என்கிறார். மருந்தகத்தில் வேலை பார்க்கும் தங்கை, ஃபாஸ்பரஸ் கணக்கைத் தாங்க முடியாமல் நூறாம் பக்கத்தோடு மூடி வைத்துவிட்டார். உங்களுக்கு முடிவு சினிமாத்தனமாகப் பட்டிருக்கிறது. உங்கள் மாமியார் புத்தகத்தைத் தொடவே இல்லை, நீங்கள் சொன்ன கதையை மட்டும் கேட்டுவிட்டு, “இதுக்கு எதுக்குப்பா ராக்கெட்டு? நம்ம தோட்டத்துக் கதைதானே இது” என்றாராம். கூடத்தில் எல்லாரும் சிரித்ததாக எழுதியிருக்கிறீர்கள். முதல் மூன்று கருத்துகளும் 2015இல் நாவல் வெளிவந்த நாளிலிருந்து உலகமெங்கும் வாசகர்கள் சொல்லிவருபவைதாம். நான்காவது நம்மிடமிருந்து மட்டுமே வரக்கூடியது. பதிலைத் தனியாக உங்களுக்கு அனுப்பாமல் இங்கே எழுதுவது அதற்காகத்தான். என் ஓட்டு மாமியாருக்கு. ஆனால் அவரிடமும் நாவலாசிரியரிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். 2545ஆம் ஆண்டில் நம் சூரிய மண்டலத்தை விட்டு ஒரு கப்பல் கிளம்புகிறது. போகுமிடம் டாவ் செட்டி என்ற விண்மீன், ஏறத்தாழ 12 ஒளியாண்டுத் தொலைவு. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் போனாலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடிக்கும். ஏறியவர்கள் இறங்கப்போவதில்லை, இறங்கப்போகிறவர்கள் ஏறவில்லை. உள்ளே 24 தனித்தனி நிலப்பகுதிகள்: காடு, புல்வெளி, ஏரி, பனிப்பரப்பு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். எல்லாப் பழுதுகளையும் ஓடி ஓடி அடைத்துக்கொண்டிருப்பவள் தேவி. (பெயரைப் பார்த்ததும் நம்மவள் என்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெயரைத் தவிர வேறொன்றுமில்லை.) அவள் மகள் ஃப்ரேயா. தேவி சொன்னதன் பேரில் கப்பலின் கணினியே கதையை எழுதுகிறது. போய்ச் சேர்கிறார்கள். அரோரா என்ற துணைக்கோளில் இறங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இறங்கியவர்களைக் கொல்கிறது. தப்பித்துக் கப்பலுக்குத் திரும்பப் பார்த்தவர்களைக் கப்பலில் இருந்தவர்களே உள்ளே விடவில்லை. பிறகு, இங்கேயே வேறிடம் பார்ப்போம் என்று ஒரு பாதி, திரும்பிப் போவோம் என்று ஒரு பாதி. அடிதடி ஆகி, கப்பல் இரண்டாகிறது.

தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. இதே ராபின்சன்தான் 1992க்கும் 1996க்கும் இடையில் செவ்வாய் பற்றி மூன்று நாவல்கள் எழுதி, ஒரு கோளையே மனிதர்கள் வாழத் தோதாக மாற்றலாம் என்று ஒரு தலைமுறையை நம்பவைத்தவர். அவரே வந்து, விண்மீன்களுக்கெல்லாம் போக முடியாது, போகவும் வேண்டாம் என்றால் யாருக்குத்தான் வலிக்காது? இயற்பியலாளரும் நாவலாசிரியருமான கிரகரி பென்ஃபோர்டும் இந்த நாவலைக் கடுமையாக மறுத்தவர்களில் ஒருவர். ஆகவே தம்பி தனியாள் இல்லை.

ஆனால் “எல்லாம் எஞ்சினியரிங் பிரச்சினைதான், தீர்த்துவிடலாம்” என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அங்கே நான் அவரோடு இல்லை. அரிசோனா பாலைவனத்தில் ‘பயோஸ்ஃபியர் 2’ என்று ஒரு கண்ணாடி மாளிகை கட்டினார்கள். 1991 செப்டம்பரில் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே மழைக்காடு, குட்டிக் கடல், வயல் எல்லாம் இருந்தன. ஓராண்டு கடந்ததும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதத்திலிருந்து 14 சதவீதம் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் அதை மூச்சுவாங்கித் தீர்த்தன. அவை விட்ட கரியமில வாயுவைச் செடி உறிஞ்சும் முன் புதுக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது. சுவர் மூச்சை விழுங்கும் என்று யார் நினைத்தார்கள்? 1993 ஜனவரியில் வெளியிலிருந்து ஆக்ஸிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று. வெளி என்று ஒன்று இருந்ததால் ஏற்றினார்கள். தேவியின் கப்பலுக்கு வெளி கிடையாது.

தம்பி இதற்கு எதிராக ஓர் உதாரணம் காட்டலாம். அவர் காட்டாததால் அவர் பக்கத்திலிருந்து நானே காட்டுகிறேன். உங்களுக்குப் பக்கத்திலேயே கெப்போங்கில் இருக்கும் ஃப்ரிம் என்ற வன ஆராய்ச்சி நிலையத்தின் காடு. வார இறுதியில் நடக்கப் போகிறவர்கள் அதை ஆதி காலத்துக் காடு என்று நினைத்துக்கொள்வார்கள். 1920களில் அங்கே வேலை தொடங்கியபோது அது வெள்ளீயச் சுரங்கம் தோண்டிப் போட்ட மண்; காய்கறி போட்டுச் சலித்த மேடு; புதர். நட்டு நட்டு நூறாண்டில் மழைக்காடாக்கி, 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏற்றிவிட்டார்கள். மனிதன் காடு செய்வான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அங்கே மழை தானாகப் பெய்தது. பக்கத்திலேயே புக்கிட் லாகோங் காடு இருந்தது. பறவையும் வௌவாலும் வண்டும் வந்துபோக எந்தத் தடையும் இல்லை. நட்டவர்கள் மரத்தைத்தான் நட்டார்கள். மிச்சத்தைப் பூமி செய்தது. ராபின்சன் அந்த மிச்சத்தைத்தான் நானூறு பக்கத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறார்.

மருந்தகத் தங்கையும் அந்தப் பக்கங்களை இப்படிப் பார்த்தால் ஒருவேளை மறுபடி திறப்பார். கப்பலுக்குள் உப்புகள் ஓரிடத்தில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஃபாஸ்பரஸ் மண்ணோடு பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் போகிறது. கடைசியில் சோற்றுக்கே முட்டுகிறது. சலிப்பூட்டும் கணக்குதான். ஆனால் ஜப்பான்காரன் காலத்து மலாயாவில் இருந்த யாருக்கும் அது சலிப்பூட்டியிருக்காது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் பால்மரம்; தின்னும் அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வரவேண்டும். 1942இல் கப்பல் நின்றது. ரப்பரைக் கடிக்க முடியாது. லயத்து வீடுகளைச் சுற்றி மரவள்ளியை ஊன்றினார்கள். ஒரே பயிரை நம்பி, எல்லாவற்றையும் வெளியிலிருந்து இறக்கிக்கொண்டு வாழும் இடம் எவ்வளவு சீக்கிரம் பட்டினியாகும் என்பதை நம் ஆட்கள் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் தெரிந்துகொண்டார்கள்.

இப்போது மாமியாரின் விஷயத்துக்கு வந்துவிட்டோம்.

நாவலின் உயிர் விண்வெளியில் இல்லை, டீச்சர். ஏறச் சம்மதித்தது ஒருவர், வாழ்ந்து தீர்ப்பது வேறொருவர் என்பதில் இருக்கிறது. தேவி எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள் என்று உங்கள் கூடத்தில் யாரோ குறைப்பட்டுக்கொண்டார்களாம். அவள் ஏன் எரிந்து விழமாட்டாள்? எவனோ ஒருவன் ஆறேழு தலைமுறைக்கு முன்னால், பூமியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, விண்மீனுக்குப் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டான். பழுது பார்ப்பது இவள்.

கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டிக்கொண்டு வந்த கதை உங்கள் வீட்டிலும் இருக்கும். நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் முகாம். பிறகு கப்பல். பிறகு பினாங்குக்கு வெளியே புலாவ் ஜெரெஜாக் தீவில் அடைத்துவைத்து நோய் இருக்கிறதா என்று பார்ப்பது. (அரோராவில் இறங்கியவர்களைத் தொற்றுக்குப் பயந்து கப்பலுக்குள் விடாத அத்தியாயத்தை நான் இந்தத் தீவை நினைக்காமல் படிக்கவில்லை.) 1926இல் கட்டிய ‘ரஜுலா’ கப்பலின் மேல்தளத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் மூன்றாண்டில் திரும்பிவிடலாம் என்று நினைத்து ஏறினார்களோ, என்ன நினைத்தார்களோ, எப்படியும் ஏறினார்கள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அந்த நினைப்பும் கிடையாது. அதற்கு உலகம் என்பது பெரட்டுக்களம், பால் கொட்டகை, கடை, கோயில், தண்டல், கிராணி, பங்களாவில் துரை. தோட்டப் பள்ளியில் ஆறு வகுப்பு. அதற்கு மேல் படித்தால் பால் வெட்ட யார் வருவது? ராபின்சனின் கப்பலில் யார் எத்தனை பிள்ளை பெறலாம், யார் எந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதைக் கப்பலின் தேவை தீர்மானிக்கிறது. தோட்டத்தில் தேவை என்று சொல்லக்கூட ஆளில்லை, அப்படித்தான் நடந்தது.

பிறந்த இடத்திலேயே ஒருநாள் கேள்வி எழும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்தது. கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. எனக்கு அந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த வரி அதுதான். தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள், பட்டாளம் இறங்கியது. நாவலில் கலகம் மூளும்போது கப்பலின் கணினி குறுக்கே புகுந்து சட்டத்தை நிலைநாட்டுகிறது, ஓரளவு நியாயமாகவே. மனிதர்களைவிட இயந்திரம் நியாயமாக நடந்துகொள்வதுதான் இந்த நாவலில் எனக்கு நம்பச் சிரமமாக இருந்த ஒரே அறிவியல் கற்பனை.

இன்னொரு பொருத்தத்தையும் சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் யாரும் இதைத் தொட்டதாகத் தெரியவில்லை. கிளம்பியது ஒரு கப்பல் இல்லை, இரண்டு. பயணத்தின் 68ஆம் ஆண்டில் மற்றது அழிந்துபோக, மிஞ்சியவர்கள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே மறைத்துவிடுகிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கு இரண்டாவது கப்பல் இருந்ததே தெரியாது. எவ்வளவு செயற்கையான திருப்பம் என்று சில விமர்சகர்கள் சொல்லக்கூடும். நமக்கு அப்படித் தோன்றாது. 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் ஏற்றிப் போனார்கள். எத்தனை பேர் திரும்பவில்லை என்பதற்குச் சரியான கணக்கே கிடையாது. வெள்ளைக்காரக் கைதிகளின் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, சினிமாவும் எடுத்தாயிற்று. நம் பக்கத்தில் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார், இன்னும் சிலர் எழுதினார்கள். மற்றபடி எத்தனை வீடுகளில் அந்தப் பேச்சை யாரும் எடுக்காமலே இரண்டு தலைமுறை வளர்ந்தது என்று உங்கள் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சரி, வழக்கு.

திரும்பிப் போனதுதான் சரி என்பது நாவலின் தீர்ப்பு. உங்கள் மாமியாரும் “அப்பவே திரும்பியிருக்கணும்” என்றதாக எழுதியிருக்கிறீர்கள். நான் அவ்வளவு எளிதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் சரித்திரத்தில் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒரு மேசையில் உட்கார்ந்து மலையகத் தமிழர்களைப் பிரித்துக்கொண்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, எங்கே போனார்கள்? ஒரு பகுதியினர் நீலகிரியில் அவர்களுக்காகவே போட்ட, தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களுக்கு. தேயிலையில் பிறந்து, தேயிலையைவிட்டு வந்து, மறுபடி தேயிலை. உள்ளூரில் அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர்கள். அங்கே இருந்தபோது அவர்கள் இந்தியத் தமிழர்கள்.

இங்கே மலேசியாவில் நடந்தது சத்தமில்லாமல் நடந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலைக்குப் பெர்மிட் வாங்க வேண்டும் என்ற 1968ஆம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்தபோது, இங்கேயே பிறந்து, பேப்பரை ஒழுங்காக எடுக்காமல் விட்ட எத்தனையோ தோட்டத்து ஆட்கள் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றார்கள். 1969 மே கலவரத்தின் பயமும் சேர்ந்துகொண்டது. பல்லாயிரம் பேர் “ஊருக்கு”ப் போனார்கள். அதில் பலர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. பெற்றவர்கள் சொன்ன கிராமத்தின் பெயரும், ஒரு பெரியப்பாவின் பெயரும்தான் கையில்.

ராபின்சன் இதைத் தெரியாமல் எழுதவில்லை. கூரையில்லாத வானத்தைப் பார்த்து ஃப்ரேயா நடுங்குவதையும், பூமியில் சிலர் அவர்களைக் கோழைகள் என்று இகழ்வதையும், ஒரு கூட்டத்தில் இன்னும் கப்பல் அனுப்ப வேண்டும் என்று பேசும் ஆளை அவள் பாய்ந்து அடிப்பதையும் நன்றாகவே எழுதியிருக்கிறார். உடம்பு படும் பாடு முழுதாக வந்திருக்கிறது. ரேஷன் கார்டு வரவில்லை. நீ எந்த ஊர், யார் வீடு, என்ன சாதி, இத்தனை வருஷம் வெளிநாட்டில் இருந்தாயே பணம் எங்கே என்று கேட்கும் உறவுக்காரர்கள் வரவில்லை. ஃப்ரேயாவுக்குப் பூமி முழுவதுமே ஊர். அது ஒரு கலிஃபோர்னியக்காரரின் கற்பனை. நமக்குத் திரும்புவது என்றால் ஒரு குறிப்பிட்ட தெருவுக்குத் திரும்புவது. அந்தத் தெரு நம்மை மறந்து நாளாகியிருக்கும்.

இருப்பதா, போவதா என்று இரண்டே கதவுகளை நாவல் காட்டுவதும் எனக்குக் குறையாகப் படுகிறது. மலாயாவில் மூன்றாவது கதவு ஒன்றைச் சிலர் திறந்து பார்த்தார்கள். ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்க, லயத்து ஆட்கள் நடுத்தெருவில் நின்ற 1950களின் முடிவில், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால் வெட்டுகிறவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுக் கப்பலையே விலைக்கு வாங்கியது மாதிரி. எல்லாத் தோட்டத்தையும் வாங்கிவிட முடியவில்லை என்பதும், பிற்காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் தாமானும் ஹைவேயுமாக மாறியபோது சொந்த வீடில்லாமல் வெளியே வந்தவர்கள் ஏராளம் என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் போவோர்-இருப்போர் சண்டையில் யாருக்கும் தோன்றாத ஒன்றை, ஆறாம் வகுப்போடு நின்ற ஆட்கள் செய்துகாட்டியிருக்கிறார்கள். ‘அரோரா’வுக்கு எதிராக நான் வைக்கும் வாதம் ஃபாஸ்பரஸில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். காலையில் செலாயாங் பாசார் போரோங் மொத்தச் சந்தைப் பக்கம் காய்கறி லோரி இறக்குகிறவர்களைப் பாருங்கள். மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியாக்கள் அங்கே பலர். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. அவர்களின் பிள்ளைகளில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். திரும்பவும் இடமில்லை, இருக்கவும் தாளில்லை. உங்கள் கூடத்தில் இந்த நாவலைப் பற்றி இன்னொரு முறை பேசுவதானால், அங்கிருந்து ஒரு பையனைக் கூப்பிட்டுக் கதையைச் சொல்லிப் பாருங்கள். தம்பி சொன்னதைவிட வேறு கருத்து வரலாம்.

முடிவு சினிமாத்தனம் என்றீர்கள். ஃப்ரேயா கடலில் அலையோடு மல்லுக்கட்டும் அந்த நீண்ட பகுதி எனக்குப் பிடித்தது. பிறந்ததிலிருந்து கணக்குப் போட்ட காற்றையும் கணக்குப் போட்ட தண்ணீரையும் மட்டுமே அறிந்தவள் முதல்முறையாக யாரும் அளந்து ஊற்றாத தண்ணீரில் புரள்கிறாள். பத்துப் பக்கம் குறைத்திருக்கலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதைவிட அதிகம் பேசப்படவேண்டியது அதற்கு முந்தைய அத்தியாயம். மனிதர்களெல்லாம் உறைந்து தூங்க, வேகத்தைக் குறைக்க வழியில்லாத கப்பல் சூரியனையும் கோள்களையும் பல ஆண்டுகள் சுற்றிச் சுற்றித் தன் ஓட்டத்தைத் தானே தணித்துக்கொள்கிறது. பயணிகளை இறக்கிவிட்டுத் தான் அழிகிறது. அதைத் தம்பி மட்டுமாவது இன்னொரு முறை படிக்க வேண்டும். அறிவியலுக்குத் துரோகம் செய்கிறவர் இப்படி ஓர் அத்தியாயம் எழுதமாட்டார்.

கடைசியாக, ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு இதைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். முதலில் சுஜாதாவைக் கொடுத்துப் பழக்கிவிட்டுக் கொடுத்தால் நல்லது. ஜெயமோகனின் ‘விசும்பு’ தொகுப்பும் கைக்கு எட்டினால் இடையில் படிக்கட்டும். ஆங்கிலம் தடுமாறுகிற பிள்ளைகளுக்கு நீங்களே கதையைச் சொல்லலாம், மாமியாருக்குச் சொன்னதுபோல. எதுவானாலும் எஸ்பிஎம் தேர்வு முடியட்டும். இல்லையென்றால் பெற்றோர் என்னைத்தான் திட்டுவார்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாசகன்